விடையை முதல் வரியில் வையுங்கள்: பொறியியல் மாணவர்களின் ஆங்கிலக் கேள்விகள்

தொழில்முறை ஆங்கிலத்தைப் பற்றிப் பொறியியல் மாணவர்கள் கேட்க விரும்புவதைக் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு வார்த்தைகளில்: புரிகிற ஆங்கிலம் வாயில் ஏன் வரவில்லை? என்னைப் பற்றி ஒரு வரி: பம்ப், வால்வு, கம்ப்ரஸர் போன்றவற்றின் கையேடுகளை எழுதியும், இன்ஜினியர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளைத் திருத்தியும் காலம் தள்ளியவள் நான். இலக்கணப் பண்டிதை இல்லை. அதனால் பதில்களில் கிரீஸ் வாசனை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்தேன். வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்துவது புரிகிறது, புத்தகமும் புரிகிறது. எழுந்து நின்று பேசச் சொன்னால் மட்டும் வாய் கட்டிக்கொள்கிறது. எந்த இலக்கணப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?
– இயந்திரவியல் மாணவர், இரண்டாம் ஆண்டு

புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம், தம்பி. முதலில் ஆய்வகத்துக்குப் போங்கள்.

பேச்சுப் பயிற்சி என்றாலே "எனக்குப் பிடித்த பருவம்", "தொலைக்காட்சி நல்லதா கெட்டதா" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தலைப்பில் எனக்குத் தமிழிலேயே மூன்று வாக்கியத்துக்கு மேல் வராது. சொல்ல விஷயம் இல்லாமல் திணறுவதை ஆங்கிலம் வராமல் திணறுவதாக நினைத்துப் பயந்துவிடுகிறீர்கள். நீங்கள் கையால் தொட்டு, ஓட்டி, அளந்து பார்த்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் போதும். இது என்ன, எதற்காக, எது எதைச் சுழற்றுகிறது, உள்ளே என்ன நடக்கிறது, எங்கே பழுதாகும் என்று ஐந்தே வாக்கியம்.

"திஸ் இஸ் எ சென்ட்ரிஃபியூகல் பம்ப். இட் மூவ்ஸ் வாட்டர் ஃப்ரம் தி டேங்க் டு தி டெஸ்ட் லைன். எ மோட்டார் டர்ன்ஸ் தி இம்பெல்லர். தி இம்பெல்லர் கிவ்ஸ் தி வாட்டர் வெலாசிட்டி, அண்ட் தி கேசிங் கன்வர்ட்ஸ் ஸம் ஆஃப் தட் வெலாசிட்டி இன்டு ப்ரெஷர். இஃப் ஏர் என்டர்ஸ் தி சக்‌ஷன் லைன், தி பம்ப் லூசஸ் இட்ஸ் ப்ரைம்."

(இம்பெல்லர் என்பது உள்ளே சுழலும் சக்கரம், கேசிங் அதன் கூடு. ப்ரைம் போனால் பம்ப் தண்ணீரை இழுக்காது.) இதில் இருப்பது எளிய நிகழ்காலம் மட்டும்தான். தவறுவதற்கு இருக்கும் பெரிய வாய்ப்பு, படர்க்கை ஒருமை எழுவாய் வரும்போது வினைச்சொல்லின் கடைசியில் சேரும் 'ஸ்'. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடம் தவறில்லாமல் பேசிவிடுவீர்கள். நேர்காணலுக்கு வருபவர்களில் பலர் அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

அடுத்த வாரம் கியர்பாக்ஸ், அதற்கடுத்து வெப்பப் பரிமாற்றி. போனில் பதிவு செய்துவிட்டு மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் மனத்தில் நினைத்தது காதில் விழுமே தவிர, வாயில் வந்தது விழாது. கேட்கும்போது எல்லாக் குறைகளையும் தேடினால் மனம் உடைந்துவிடும். இன்றைக்கு அந்த 'ஸ்' மட்டும், நாளைக்கு 'எ', 'தி' மட்டும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆய்வக அறிக்கைக்கு இன்னொரு காலம் சேர்த்துக்கொண்டால் போதும். நீங்கள் செய்தது இறந்தகாலம், எப்போதும் உண்மையாக இருப்பது நிகழ்காலம். "அழுத்தத்தை அளந்தோம்" என்பது முதல் வகை. "அழுத்தம் கூடும்போது ஓட்டம் குறைகிறது", "வரைபடம் இதைக் காட்டுகிறது" என்பவை இரண்டாம் வகை. அறிக்கையில் இந்த இரண்டும் கலந்துபோனால், இந்த எண் உங்கள் மேசையில் கிடைத்ததா, பாடப்புத்தகத்தில் இருந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

இன்னொன்றையும் பழகுங்கள், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சமன்பாட்டை வாய்விட்டுப் படிப்பது. பலகையில் அழகாக எழுதிவிட்டு, விளக்கச் சொன்னால் "திஸ் டெர்ம்... தட் டெர்ம்..." என்று விரலால் காட்டிக்கொண்டு நிற்கும் மாணவர்கள் நிறைய. "டீ ஒய் பை டீ எக்ஸ்", "எக்ஸ் ஸ்கொயர்ட்", "டென் டு தி மைனஸ் த்ரீ", "பாயின்ட் ஜீரோ ஃபைவ்" எல்லாம் நாக்குக்குப் பழக வேண்டும். தொலைபேசியில் விரலால் காட்ட முடியாதல்லவா?

நான் ஆங்கிலம் பேசினால் தமிழ் வாடை அடிக்கிறது என்று கிண்டல் செய்கிறார்கள். அமெரிக்கர்கள் போலப் பேச எவ்வளவு காலம் பிடிக்கும்?
– மின்னணுவியல் மாணவி, மூன்றாம் ஆண்டு

அந்த ஆசையே வேண்டாம்மா. ஜெர்மன்காரர் ஜெர்மன் வாடையோடும் ஜப்பானியர் ஜப்பானிய வாடையோடும் பேசித்தான் உலகம் முழுக்க இயந்திரம் விற்கிறார்கள். கிண்டல் செய்பவர்களுக்கும் ஒரு வாடை இருக்கும், அவர்கள் மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போகிற இடங்கள் என்று சில உண்டு. அவற்றைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். முக்கியமானது அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் மாறிவிடாது. ஆங்கிலத்தில் மாறிவிடும். 'ரெக்கார்ட்' என்று முதல் அசையை அழுத்தினால் பதிவேடு, இரண்டாம் அசையை அழுத்தி 'ரிக்கார்ட்' என்றால் பதிவு செய்வது. 'அனலைஸ்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாம் அசையில். 'பராமீட்டர்' என்ற சொல்லை 'மீட்டர்' என்ற இடத்தில் அழுத்துகிறோம், அழுத்த வேண்டியது 'ரா' என்ற இடத்தில். 'கெபாசிட்டர்' என்றால் 'பா'. நல்ல அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் குத்துக்கோடு இருக்கும். உங்கள் துறையில் தினமும் புழங்கும் சொற்களுக்கு மட்டும் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், போதும்.

இரண்டாவது, நம் எழுத்துமுறை செய்யும் குறும்பு. இந்தப் பக்கத்தில் நான் 'பின்' என்று எழுதினால் அது ஐசி சிப்பின் காலா, குப்பைத் தொட்டியா என்று நீங்களே ஊகிக்க வேண்டும். எழுத்தில் ஊகித்துவிடலாம், பேச்சில் எதிராளிக்கு அந்தப் பொறுமை இருக்காது. ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வதை அதனால்தான் வேண்டாம் என்கிறேன். (நானே அப்படி எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பத்திரிகைக்கு வேறு வழியில்லை.)

மூன்றாவது, சொல்லின் வால். 'டெஸ்ட்டு', 'பம்ப்பு' என்று ஒரு உகரம் ஒட்டிக்கொண்டால் குடி முழுகிவிடாது. ஆனால் 'செக்ட்' என்பதன் கடைசி ஒலியை விழுங்கி 'செக்' என்று நிறுத்திவிட்டால் விவகாரம். "ஐ செக்ட் தி வால்வ்" என்றால் சோதித்துவிட்டேன். "ஐ செக் தி வால்வ்" என்றால் வழக்கமாகச் சோதிப்பேன், இன்றைக்குச் சோதித்தேனா என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்?

இன்டர்ன்ஷிப் கேட்டு, முன்பின் தெரியாத ஒரு இன்ஜினியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பக்கத்துக்கு மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். பதிலே இல்லை. என்ன தவறு?
– இயந்திரவியல் மாணவர், மூன்றாம் ஆண்டு

உங்கள் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தீர்கள், நன்றி. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது பன்னிரண்டாம் வரியில் வருகிறது. அதுவரை அவருடைய நிறுவனத்தின் பெருமையை அவருக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

முன்பின் தெரியாதவருக்கு எழுதிய கடிதம் என்றால் ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியதைத்தான் நான் மாணவர்களுக்குக் காட்டுவேன். முதல் வாக்கியத்திலேயே தான் யார், எந்த அலுவலகத்தில் எழுத்தர், ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு என்று சொல்லிவிடுகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை, அதற்காக அழவும் இல்லை. அப்புறம் நேரே விஷயம்: ஹார்டியின் நூல் ஒன்றில் 36ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு, பகா எண்களைப் பற்றி இன்னும் கிடைக்கவில்லை என்று ஹார்டி எழுதியிருக்கும் கோவையைத் தான் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்கிறார். தேற்றங்களை இணைத்திருக்கிறார். மதிப்பு இருப்பதாகத் தோன்றினால் அவற்றை வெளியிட விரும்புவதாகச் சொல்லி, ஆலோசனை கேட்டு முடிக்கிறார். நம்மில் யாரும் ராமானுஜன் இல்லை, சரி. ஆனால் அந்த வரிசை எல்லாருக்கும் உதவும்: நான் யார், உங்கள் வேலையில் எந்த இடத்தைத் தொடுகிறேன், நான் செய்தது இது, எனக்கு வேண்டியது இது.

உங்கள் கடிதத்தை இப்படிச் சுருக்கலாம்: "ஐ ஆம் எ தேர்ட்-இயர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஸ்டூடன்ட். ஐ மெஷர்ட் தி எஃபிஷியன்சி ஆஃப் எ ஸ்மால் பம்ப் அட் ஃபைவ் ஸ்பீட்ஸ். தி ஒன்-பேஜ் ரிப்போர்ட் இஸ் அட்டாச்ட். குட் ஐ வர்க் வித் யுவர் டெஸ்ட் டீம் இன் மே அண்ட் ஜூன்?" அவ்வளவுதான். கீழே உங்கள் பெயர். மேலே பொருள் வரியில் 'ரிக்வெஸ்ட்' என்று மட்டும் போடாமல், என்ன கோரிக்கை, எந்த மாதங்கள் என்று போடுங்கள். சிலர் பொருள் வரியை மட்டும் படித்தே முடிவெடுப்பார்கள்.

'டூ தி நீட்ஃபுல்' என்று முடித்திருக்கிறீர்கள். ஆவன செய்யுங்கள் என்றால் எதை ஆவன செய்வது? செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டால் அந்தத் தொடருக்கு வேலையே இல்லை.

ஆன்லைன் கூட்டங்களில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் பேசுவது சில இடங்களில் பிடிபடவில்லை. திரும்பக் கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று தலையாட்டிவிடுகிறேன்.
– புதிதாக வேலையில் சேர்ந்த மென்பொருள் பொறியாளர்

நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. தலையாட்டுவதை உடனே நிறுத்துங்கள்.

1977 மார்ச் 27. ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒரு விமானத்தின் துணை விமானி டச்சுக்காரர், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் ஸ்பானியர், இருவரும் பேசியது ஆங்கிலம். துணை விமானி "வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்றார். ஓடுபாதையின் முனையில் தயாராகக் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. விமானமோ ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. பதிலாக வந்தது "ஓகே". அதைத் தொடர்ந்து "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்று சொன்னதும், மற்ற விமானம் அதே நொடியில் பேசியதும் ஒன்றோடொன்று மோதி, ரேடியோவில் வெறும் இரைச்சலாகிவிட்டது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதன் பிறகு விமானப் போக்குவரத்தில் பேச்சு விதிகளை இறுக்கினார்கள். 'டேக்-ஆஃப்' என்ற சொல், புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'. முக்கியமான உத்தரவுகளை வெறும் 'ஓகே' சொல்லி முடிக்கக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கம்தான் உங்களுக்கு மருந்து. "பார்டன்?" என்று கேட்டால்தானே கூச்சம்? அதற்குப் பதிலாக, புரிந்த வரைக்கும் சொல்லி உறுதி கேளுங்கள். "லெட் மீ கன்ஃபர்ம். ஐ வில் சேஞ்ச் தி டைம்-அவுட் டு ஃபிஃப்டி செகண்ட்ஸ், ஃபைவ் ஸீரோ, பிஃபோர் ஃப்ரைடே. இஸ் தட் ரைட்?" உங்களை மட்டமாக நினைக்க மாட்டார்கள். கவனமான ஆள் என்றுதான் நினைப்பார்கள். புரியாத பகுதி எதுவோ அதை மட்டும் கேட்கலாம்: "ஐ காட் தி டேட். வாட் வாஸ் தி வேல்யூ?"

'ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் பிரித்துச் சொன்னேனே, அது சும்மா இல்லை. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள ஒலி வேறுபாடு மோசமான இணைப்பில் காணாமல் போய்விடும். விமான ரேடியோவில் ஒன்பதை 'நைனர்' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், மூன்றை 'ட்ரீ' என்றும் சொல்லும்படி விதியே இருக்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், இலக்கம் பிரித்தால் போதும்.

கூட்டம் முடிந்ததும் முடிவுகளை மூன்று வரியில் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். யார், எதை, எப்போதுக்குள். காதில் தவறவிட்டது எழுத்தில் பிடிபடும். இந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. நீங்கள் செய்தால் ஆங்கிலமும் வளரும், கூட்டத்தின் முடிவு எது என்று சொல்கிற ஆளாகவும் ஆகிவிடுவீர்கள்.

எங்கள் பேராசிரியர் அறிக்கையில் கனமான ஆங்கிலச் சொற்கள் வேண்டும் என்கிறார். சீனியர்கள் எளிமையாக எழுது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வானூர்திப் பொறியியல் மாணவி

மதிப்பெண் போடுகிறவர் அவர். இந்தப் பருவத்துக்கு அவர் சொல்வதையே கேளுங்கள்.

வேலைக்குப் போன பிறகு உங்கள் துறையே உங்களை எளிமைக்கு இழுத்துவிடும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே 'சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்று, சொற்களையும் வாக்கியங்களையும் விதிகளால் கட்டுப்படுத்திய ஒரு மொழி இருக்கிறது. 1986இல் ஐரோப்பிய விமானத் தொழில்துறைச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து வளர்ந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக், இரவு ஷிஃப்டில், டார்ச் வெளிச்சத்தில் படித்தாலும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அதுதான் நோக்கம். அதன் அகராதியில் அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் 900 அளவில்தான். துறைக்குரிய கலைச்சொற்கள் அதற்கு மேல். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்றால் ஒன்றின் பின்னால் வருவது மட்டும். விதிகளுக்குக் கட்டுப்படுவதற்கு 'ஓபே' என்றுதான் எழுத வேண்டும். 'டெஸ்ட்' பெயர்ச்சொல் மட்டும்; சோதிப்பதற்கு அதையே வினையாக்கக் கூடாது.

படிக்கும்போது கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் எனக்குத் தெரிந்து மொழிநடைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல உடற்பயிற்சி இல்லை. உங்கள் ஆய்வக அறிக்கையில் ஒரு பக்கத்தை எடுத்து, 20 சொல்லுக்கு மேல் போன வாக்கியங்களை வெட்டிப் பாருங்கள். வெட்டும்போதுதான் சில வாக்கியங்களில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது தெரியவரும்.

கணினித் துறை நண்பர்களும் இதே போலக் கேட்டிருந்தார்கள். அவர்கள் 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற சின்ன ஆவணத்தைப் படிக்கலாம். 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' என்ற சொற்களுக்கு இணையத் தரநிலைகளில் என்ன பொருள் என்று வரையறுப்பது அது. 'மஸ்ட்' என்றால் விலக்கே கிடையாது. 'ஷுட்' என்றால் தகுந்த காரணம் இருந்து, விளைவையும் எடைபோட்ட பிறகு விலகலாம். 'மே' என்றால் உங்கள் விருப்பம். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று மாணவர்கள் எழுதும் தேவை ஆவணங்களில் இந்த மூன்றும் அழகுக்காக மாறி மாறி வருகின்றன. அதை நம்பி நிரல் எழுதுகிறவர் பாவம்.

ப்ராஜெக்ட் ப்ரசன்டேஷன் என்றால் கை நடுங்குகிறது. வேக வேகமாகப் பேசி முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஸ்லைடுகளில் எவ்வளவு எழுதலாம்?
– கட்டடவியல் மாணவர், இறுதியாண்டு

வேகத்துக்கு மின்னியல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் வைத்தியம். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர் அவர், பள்ளிப் படிப்பு சொற்பம். பிற்காலத்தில் விரிவுரைக்குப் பெயர் பெற்றார் என்றால், அது தானாக வந்ததில்லை. பேச்சுக்கலை வகுப்புகளுக்குப் போனார். பேசும்போது கண்ணில் படும்படி 'ஸ்லோ' என்று எழுதிய ஓர் அட்டையை வைத்துக்கொள்வார். அதையும் மறந்து வேகமெடுத்தால், உதவியாளர் அந்த அட்டையை எடுத்து முன்னால் வைப்பார். நேரம் முடியப்போகிறது என்றால் 'டைம்' என்று இன்னோர் அட்டை. முன்வரிசையில் ஒரு நண்பரை உட்கார வையுங்கள், அட்டையைக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்லைடுக்கு வருவோம். எவ்வளவு எழுதலாம் என்பதைவிட எதை மேலே எழுதுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது சிதறி ஏழு பேர் இறந்தார்கள். புறப்படும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் அடித்திருந்தது. விண்கலம் மேலே இருந்தபோதே அதைப் பற்றி இன்ஜினியர்கள் ஸ்லைடுகள் தயாரித்து நாசா அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். விபத்தை விசாரித்த குழு அதில் ஒரு ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே அச்சிட்டுக் குறை சொன்னது. ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் தோன்றும். அடியில், சின்ன எழுத்தில், உள்ளே தள்ளிய ஒரு வரி: கணக்கிட்ட துண்டின் அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! அதாவது அந்தச் சோதனைத் தரவை இங்கே நம்ப முடியாது. தலைப்பாக இருக்க வேண்டிய செய்தி அது. அதே ஸ்லைடில் 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லும் அதன் உறவும் ஐந்து முறை வருகின்றன. எவ்வளவு என்பதற்கு ஓரிடத்திலும் எண் இல்லை.

ஆகவே 'ரிசல்ட்ஸ்' என்று தலைப்பு வைக்காதீர்கள். முடிவையே முழு வாக்கியமாகத் தலைப்பில் எழுதுங்கள்: "மிக்ஸ் பி இஸ் ஸ்ட்ராங்கர் தேன் மிக்ஸ் ஏ ஆஃப்டர் 28 டேஸ்". கீழே ஒரு வரைபடம். நடுக்கத்தில் பேச்சு மறந்தாலும் தலைப்பைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எண் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. 60 சதவீதமாக இருந்த செயல்திறன் 48 சதவீதம் ஆனால், "12 பெர்சென்ட் குறைந்தது" என்று சொல்லாதீர்கள். குறைந்தது 12 'பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. சதவீதத்தில் சொன்னால் 20, ஏனென்றால் 60இல் 12 என்பது ஐந்தில் ஒரு பங்கு. கேள்வி நேரத்தில் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

என் மகனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா, அம்மா? 'முப்பது நாளில் சரளம்' என்று விளம்பரம் வருகிறது.
– ஒரு தாய்

முப்பது நாளில் கூச்சம் போகலாம், சரளம் வராது. கூச்சம் போவதே பெரிய விஷயம் என்றால் சேருங்கள், அம்மா. அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வகுப்பில் மாணவர் எவ்வளவு நேரம் பேசுவார், ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுவார்? ஆசிரியரே பேசிக்கொண்டிருக்கும் வகுப்பு என்றால், நாலு நண்பர்களைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு தலைப்பை விளக்கிப் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். அது நல்ல பலன் தரும். காதுக்குப் பிபிசி நடத்தும் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி இருக்கிறது. அதை எழுத்து வடிவத்தோடு சேர்த்துக் கேட்கலாம்.

ஏஐ செயலியே அழகாக எழுதித் தருகிறதே, நான் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– கணினி அறிவியல் மாணவர், முதலாம் ஆண்டு

பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் எழுதுங்கள், எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் சரி. பிறகு செயலியிடம் "திருத்தாதே, எந்த வாக்கியம் இரண்டு பொருள் தருகிறது என்று மட்டும் காட்டு" என்று கேளுங்கள். திருத்தத்தை நீங்களே செய்யுங்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கு வழக்கமாக வரும் தவறுகள் எவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும், அவை பெரும்பாலும் நாலைந்துதான் இருக்கும்.

முழுக்க அதையே எழுதவிட்டால் வேறு வம்பு வரும். என் மேசைக்கு இப்போது வரும் அறிக்கைகள் இலக்கணச் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் "கசிவு இருக்கலாம்" என்று இன்ஜினியர் சொன்னது "கசிவு கண்டறியப்பட்டது" என்று ஆகியிருக்கும். வழவழப்பான வாக்கியத்தில் இந்த மாதிரி நழுவல் கண்ணில் படாது. கையெழுத்து உங்களுடையது என்றால் ஒவ்வொரு வினைச்சொல்லையும் ஒவ்வொரு எண்ணையும் மூலக் குறிப்போடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஒப்பிடுவதற்கே ஆங்கிலம் வேண்டுமே, தம்பி.

நேர்காணலில் 'டெல் மி அபௌட் யுவர் ப்ராஜெக்ட்' என்பார்களாம். மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாமா?
– மின்னியல் மாணவி, இறுதியாண்டு

முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: என்ன சிக்கல், என்ன முடிவு கிடைத்தது. மீதியை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு கேள்வி வந்ததும் ரயில் தடம் புரண்டுவிடும்.

'வி' எங்கே, 'ஐ' எங்கே என்று முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். குழுவாகச் செய்ததற்கு 'வி', நீங்கள் கையால் செய்ததற்கு 'ஐ'. "வி பில்ட் தி இன்வெர்ட்டர். ஐ டிசைன்ட் தி கேட் டிரைவர் அண்ட் டெஸ்டட் இட்." எல்லாவற்றுக்கும் 'வி' என்றால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் 'ஐ' என்றால் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி "வை திஸ் மாஸ்ஃபெட்?" என்றுதான் இருக்கும் (மாஸ்ஃபெட் என்பது அங்கே சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்). அதன் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளை, இன்றைக்கே எடுத்து, முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.